பார்வையற்ற பாட்காஸ்டர்களும் அட்டைப்படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. தமிழில் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன். புதிதாகத் தொடங்க நினைக்கும் பார்வையற்ற நண்பர்களுக்குக் கூடமாட உதவியும் செய்கிறேன். எந்த மைக் வாங்கலாம், எடிட்டிங் எப்படிச் செய்வது என்று பேச ஆரம்பிப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் அட்டைப்படம்தான். போனில் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பார்வையுள்ளவர்கள் கேட்டவையும் இதில் உண்டு.

பாட்காஸ்ட் காதால் கேட்பதுதானே? அதற்கு எதற்குப் படம்?

ஆரம்பத்தில் படம் கட்டாயமாக இருக்கவில்லை. பாட்காஸ்ட்டின் அடிப்படை ஆர்எஸ்எஸ் ஃபீட் என்கிற எழுத்துக் கோப்பு. நிகழ்ச்சியின் பெயர், சிறு விவரம், ஒவ்வொரு எபிசோடின் ஒலிக்கோப்பும் எங்கே இருக்கிறது என்ற முகவரி, இவைதான் அதில் முக்கியம். ஆர்எஸ்எஸ் 2.0 விதிப்படி வேண்டுமானால் ஒரு படம் சேர்க்கலாம், அகலம் 144 பிக்சலைத் தாண்டக் கூடாது. அவ்வளவு சின்னப் படம்.

2005 ஜூனில் ஆப்பிள், ஐட்யூன்ஸ் 4.9 பதிப்பில் பாட்காஸ்ட்டைச் சேர்த்தது. பாட்டு ஆல்பங்கள் இருந்த அலமாரியிலேயே நிகழ்ச்சிகளும் வந்து உட்கார்ந்தன. ஆல்பத்துக்கு உறை இருப்பதுபோல நிகழ்ச்சிக்கும் ஒரு சதுர உறை வந்தது. இன்று ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் சேர வேண்டுமென்றால் சதுரப் படம் கட்டாயம். குறைந்தது 1400க்கு 1400 பிக்சல், அதிகபட்சம் 3000க்கு 3000. ஜேபெக் அல்லது பிஎன்ஜி கோப்பாக, திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் இருக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையும் சதுரப் படம்தான் கேட்கிறது.

படமே இல்லாமல் வெளியிட முடியாதா?

ஃபீடை வெளியிடலாம். ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் போன்ற செயலிகளில் ஃபீட் முகவரியை நேரடியாகப் போட்டுக் கேட்க முடியும். ஆப்பிள் செயலியிலும் முகவரி கொடுத்துப் பின்தொடர வழி இருக்கிறது. ஆனால் தேடுபவர் கண்ணில் நிகழ்ச்சி படாது. முகவரியை நாமே ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதுதான். பத்துப் பேர் கேட்கும் குடும்ப நிகழ்ச்சிக்கு அது போதும். ஊரே கேட்க வேண்டுமென்று உழைப்பவருக்குப் போதாது.

பார்வையுள்ள ஒரு நண்பரிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவாரே. இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் முதல் அட்டைப்படத்தைத் தெரிந்த பையன் ஒருவன் செய்து கொடுத்தான். "அண்ணா, சூப்பரா இருக்கு" என்றான். நான் நம்பி ஏற்றினேன். எட்டு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு நேயர் குரல்செய்தி அனுப்பினார்: "சார், தலைப்புல 'கேட்போம்'னு இருக்கணும், ட் மேல புள்ளி இல்லையே, வேணும்னே விட்டீங்களா?" வேண்டுமென்று விடவில்லை. அதில் புள்ளி இல்லை என்றே எனக்குத் தெரியாது. எட்டு மாதமும் என் நிகழ்ச்சி 'கேடபோம்' என்றுதான் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் எனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டார்கள். சொன்னால் மனது கஷ்டப்படும் என்று சிலர் விட்டுவிட்டார்கள்.

ஒரு எபிசோடில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டால்கூட நான் வெட்டி எடுத்துவிடுவேன். ஒலியில் எனக்குத் தெரியாமல் எதுவும் வெளியே போகாது. ஆனால் என் நிகழ்ச்சியில் முதலில் கண்ணில் படுகிற பொருளை நான் சரிபார்க்க முடியாமல், இன்னொருவர் வார்த்தையை நம்பி வெளியிட வேண்டியிருக்கிறது. உதவி கேட்பதில் எனக்கு வெட்கம் இல்லை, தினமும் கேட்கிறேன். என் பெயரில் வெளிவருவதில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்ற முடிவு என் கையை விட்டுப் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த நண்பர் ஊரில் இல்லாத நாளில் பெயரை மாற்ற வேண்டும் என்றால்? தளம் புது அளவு கேட்டால்? ஒவ்வொரு முறையும் "தம்பி, ஒரு சின்ன வேலை" என்று தொடங்க வேண்டும். நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட்டு, படத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து ஆர்வமே வடிந்து போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒலி எடிட்டிங் அதைவிடக் கஷ்டம் இல்லையா?

இல்லை. ரீப்பர் என்ற மென்பொருளோடு ஓசாரா என்ற இலவச நீட்சியைச் சேர்த்துவிட்டால், விசைப்பலகை மட்டும் வைத்துப் பல டிராக்குகளைக் கலக்கலாம். ஆடாசிட்டியும் ஸ்கிரீன் ரீடரோடு நன்றாக ஒத்துப்போகிறது. ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்களின் முயற்சியால் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. ஓசாராவின் பின்னாலும் அதே ஜேம்ஸ் டே இருக்கிறார். ஒலி வேலைக்கான கருவிகளை நாங்களே கட்டிக்கொண்டோம். மாட்டிக்கொள்வது படம் கேட்கும் இடத்தில்தான்.

சரியாக எந்த இடத்தில் மாட்டுகிறது?

படத்தை ஏற்றும் பக்கத்தில். கோப்பைத் தேர்ந்தெடுப்பது வரை சிக்கல் இல்லை. தேர்ந்தெடுத்ததும் சில தளங்களில் படத்தைச் சதுரமாக வெட்டச் சொல்லும் ஒரு பெட்டி மேலே திறக்கும். அதை மவுஸால் இழுக்க வேண்டும். ஸ்கிரீன் ரீடருக்குப் பெட்டி திறந்ததே தெரியாது, அடியில் உள்ள பழைய பக்கத்தையே வாசித்துக்கொண்டிருக்கும். டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் "பட்டன், பட்டன், கிராபிக்" என்று வரும், எதற்கும் பெயர் இருக்காது. அப்புறம் 'சேமி'யை அழுத்தினால் அமைதி. ஏற்றுக்கொண்டதா, நிராகரித்ததா? சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்திருக்கும், ஆனால் அதை வாசிக்கச் சொல்லும் குறிப்பு பக்கத்தின் நிரலில் இருக்காது.

வாசித்தாலும் "படம் சரியில்லை" என்பதோடு பல சமயம் நின்றுவிடும். காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். ஐபோனில் எடுத்த படம் ஹெயிக் வடிவத்தில் இருக்கலாம். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் செய்து வாங்கிய படம் அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில் இருக்கலாம். வாட்ஸ்அப் வழியாக வந்ததில் அளவு சுருங்கி 1400 பிக்சலுக்குக் கீழே போயிருக்கலாம். படம் அனுப்புபவரிடம் "டாக்குமென்டாக அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டால் இந்தக் கடைசிச் சிக்கல் தீரும்.

அளவை நாமே பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸில் கோப்பின் மேல் நின்று ஆல்ட், என்டர் இரண்டையும் அழுத்துங்கள். 'டீடெயில்ஸ்' பகுதியில் அகலமும் உயரமும் எண்ணாகவே இருக்கும். ஏற்றுவதற்கு முன் இந்த ஒரு பழக்கம் பாதி அலைச்சலைக் குறைக்கும்.

நானே அட்டைப்படம் செய்ய முடியுமா?

முடியும். பவர்பாயின்ட்டை வைத்து நான் செய்யும் வழி இது. இழுத்துப் போடும் வேலையே இல்லை, எல்லாம் எண்கள்தான்.

டிசைன் பகுதியில் ஸ்லைடு சைஸ் போய், கஸ்டம் என்பதில் அகலம் 30 இன்ச், உயரம் 30 இன்ச் கொடுங்கள். சென்டிமீட்டர் கேட்டால் 76.2. பவர்பாயின்ட் ஸ்லைடைப் படமாகச் சேமிக்கும்போது ஒரு இன்ச்சுக்கு 96 பிக்சல் வீதம் கணக்கிடும், ஆக 2880க்கு 2880 பிக்சல் கிடைக்கும். ஆப்பிள் கேட்கும் எல்லைக்குள் சரியாக உட்காரும். லேஅவுட்டில் தலைப்பு மட்டும் உள்ளதை எடுத்துக்கொண்டு பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். வடிவத்துக்கான ஃபார்மேட் பலகத்தில் பெட்டியின் இடத்தை எண்ணால் சொல்லலாம்: இடப்புறத்திலிருந்து 2 இன்ச், அகலம் 26 இன்ச். அப்போது இருபக்கமும் சமமான இடைவெளி நிச்சயம். உயரத்துக்கும் அதே எண்கள். நடுவில் நிற்கும்படி இரண்டு திசையிலும் சென்டர் கொடுங்கள். எழுத்துரு நிர்மலா யுஐ. விண்டோஸோடு வருவது, தமிழ் எழுத்து உடையாது.

எழுத்தளவுதான் புதியவர்கள் தவறும் இடம். 40, 50 என்று கடிதத்துக்குப் போடுவதுபோல் போட்டுவிடுவார்கள். இந்த ஸ்லைடின் உயரம் 2160 பாயின்ட். போனில் அட்டைப்படம் நகம் அளவுக்குச் சுருங்கித்தான் தெரியும். 300 பாயின்ட்டாவது வேண்டும். அந்த அளவில் 'கேட்போம்' போன்ற சொல் ஒரு வரியில் அடங்கும். அதைவிட மிக நீளமான சொல் பெட்டிக்குள் அடங்காமல் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால் நிகழ்ச்சிக்குப் பெயர் வைக்கும்போதே சின்னச் சொற்களாகப் பாருங்கள். கடைசியில் 'சேவ் ஆஸ்' போய் பிஎன்ஜி தேர்ந்தெடுத்து, இந்த ஸ்லைடு மட்டும் என்று சொல்லுங்கள். பிறகு மறக்காமல் ஆல்ட், என்டர்.

கட்டளை வரியில் வேலை செய்யப் பிடித்தவர்களுக்கு இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருள் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அதன் சாதாரண எழுத்து வழியில் தமிழ் கலைந்து போகக்கூடும். 'கெ' என்பதைக் கணினி ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறது; வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் நிற்கும். எழுத்தைச் சரியாக அடுக்கத் தெரிந்த பாங்கோ என்ற நிரல் வழியாக எழுதச் சொன்னால் சரியாக வரும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் படம் வரைந்து தருமே?

தரும். மலை, மைக், பறவை எல்லாம் வரும். தமிழ் எழுத்தை அதனிடம் வரையச் சொல்லாதீர்கள். தமிழ்போலவே தோன்றும், ஆனால் எந்த மொழியிலும் இல்லாத சுழிகள் வந்து விழும். அதை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தே இல்லாத பின்னணிப் படம் கேளுங்கள். அதைப் பவர்பாயின்ட்டில் பின்னணியாக வைத்து, பெயரை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எழுத்து உங்கள் விரலிலிருந்து வந்தால் புள்ளிக்கு நீங்கள் பொறுப்பு.

நிறம் எப்படித் தேர்ந்தெடுப்பது? எனக்கு நிறமே தெரியாது.

எனக்கும் தெரியாது. ஆனால் எழுத்து பின்னணியிலிருந்து பிரிந்து தெரியுமா என்பதைக் கணக்காகப் போட முடியும் என்று தெரிந்த நாள் எனக்குப் பெரிய நாள். இணைய அணுகல் விதிகளில் இரண்டு நிறங்களின் வெளிச்ச வேறுபாட்டுக்கு ஒரு விகிதம் உண்டு. கறுப்பின் மேல் வெள்ளை என்றால் 21க்கு 1, அதுதான் உச்சம். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1. அட்டைப்படம் போனில் சுருங்கிவிடுவதால் நான் 7க்குக் கீழே போவதில்லை.

சுத்த மஞ்சள் எழுத்து கறுப்பின் மேல் 19.56 வரும். சுத்த சிவப்பின் மேல் வெள்ளை வெறும் 4தான். கறுப்பின் மேல் சுத்த நீலம் 2.44, கிட்டத்தட்ட மறைந்துவிடும். "ரத்தச் சிவப்பும் பச்சையும் நம்ம ஊர் திருவிழா மாதிரி இருக்கும்" என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். கணக்குப் போட்டால் சுத்தச் சிவப்புக்கும் சுத்தப் பச்சைக்கும் 2.91. அதோடு சிவப்பு பச்சை பிரித்தறியாதவர்கள் வேறு இருக்கிறார்கள். வேண்டாம் என்றேன். நிறத்தைப் பார்க்காமலே, காரணத்தோடு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

செய்து முடித்ததை எப்படிச் சரிபார்ப்பது?

ஒருவரிடம் மட்டும் காட்டாதீர்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "என்ன தெரியுதுன்னு மேலேருந்து சொல்லிட்டு வாங்க, எழுத்தை ஒவ்வொண்ணா வாசிங்க" என்று கேளுங்கள். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சொல்ல வைக்க வேண்டும்.

பீ மை ஐஸ் செயலியில் முன்பின் தெரியாத தன்னார்வலர் வீடியோ அழைப்பில் வருவார். 2015 ஜனவரியில் தொடங்கியது, இலவசம். தெரியாதவர் என்பதாலேயே உங்கள் மனம் நோகுமே என்று மறைக்க மாட்டார். தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே செயலியில் 2023 முதல் இயந்திரமே படத்தை விவரிக்கும் வசதியும் வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐயும் உண்டு. மொத்தத் தோற்றத்தை அறிய இவை அருமை. ஆனால் எழுத்துப்பிழைக்கு இவற்றை நம்பவே கூடாது. புள்ளி விடுபட்ட 'கேடபோம்' என்பதைச் சரியான சொல்லாகவே ஊகித்து வாசித்துவிடக்கூடும். புள்ளிக்கு மனிதக் கண்தான்.

என் புகைப்படம் போட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. போடுவதென்றால் எந்தப் படம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கோல், பின்னால் இருட்டு என்றே வடிவமைப்பவர்கள் யோசிப்பார்கள். சமையல் பற்றிப் பேசும் நிகழ்ச்சிக்கு எதற்குக் கோல்? உங்கள் பேச்சுப் பொருள் பார்வையின்மை என்றால் அது வேறு விஷயம், அப்போதும் நீங்கள் சொன்னால்தான்.

எபிசோடுக்கு எபிசோடு தனிப்படம் வேண்டுமா? யூடியூபில் என்ன செய்வது?

தனிப்படம் கட்டாயமில்லை, விட்டுவிடுங்கள். ஃபீடை யூடியூபோடு இணைத்தால் அட்டைப்படத்தையே அசையாப் படமாக வைத்து வீடியோவாக்கிக்கொள்ளும். வீடியோ பாட்காஸ்ட்தான் எதிர்காலம் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். ஒலியை ஒலியாகவே செய்பவர்களுக்கு நேயர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படத்துக்கு விளக்கம் எங்கே எழுதுவது? பார்வையற்ற நேயர்களுக்கும் படம் தெரிய வேண்டுமே.

இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். பழைய ஆர்எஸ்எஸ் 2.0 விதியில் படத்தோடு ஒரு தலைப்பும் சேர்த்து எழுத வேண்டும். இணையப் பக்கத்தில் அதுவே மாற்று உரையாக, அதாவது படத்துக்குப் பதில் ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் சொல்லாகப் பயன்படும் என்று விதியிலேயே இருக்கிறது. அதாவது 144 பிக்சல் படத்துக்குச் சொல்லும் கூடவே வந்தது. ஆப்பிள் கொண்டுவந்த ஐட்யூன்ஸ் படக் குறிப்பில் முகவரி மட்டுமே உண்டு, விளக்கத்துக்கு இடமில்லை. படம் 3000 பிக்சலாக வளர்ந்தது, சொல் காணாமல் போனது.

நாம் செய்யக்கூடியது: நிகழ்ச்சி விவரத்தின் கடைசி வரியில் "அட்டைப்படம்: கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் நிகழ்ச்சியின் பெயர், கீழே ஒரு பழைய வானொலிப் பெட்டி" என்று எழுதிவிடுங்கள். எம்பி3 கோப்புக்குள் படம் வைக்கும்போது, தலைப்பு போன்ற விவரங்களை வைக்கும் ஐடி3 குறிப்பில் விளக்கத்துக்கு ஒரு இடம் இருக்கிறது. அதன் 2.3 பதிப்பில் 64 எழுத்துகள் வரை. பெரும்பாலான செயலிகள் அதை வாசிப்பதில்லை, ஆனாலும் நான் எழுதுகிறேன். முதல் எபிசோடிலேயே அட்டைப்படத்தை வாயால் விவரித்துவிடுவதும் நல்லது. என் நேயர்களுக்கு அது பிடித்திருந்தது.

சட்டம் ஏதாவது உதவுமா?

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலிருந்து இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், கேஒய்சி தொடர்பான வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. அட்டைப்படத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது.

தளங்களிடம் பேசும்போது நான் காட்டுவது வேறொன்று: இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2015-இல் வெளியிட்ட, உருவாக்கும் கருவிகளுக்கான அணுகல் நெறிமுறைகள். உள்ளடக்கத்தைப் படிப்பவர் மட்டுமல்ல, உருவாக்குபவரும் மாற்றுத்திறனாளியாக இருக்கலாம் என்பது அதன் அடிப்படை. எங்களை நேயர்களாக மட்டும் நினைத்துக் கட்டிய தளங்களுக்கு இதைத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தளங்களிடம் என்ன கேட்க வேண்டும்?

படம் ஏற்றாவிட்டால் நிகழ்ச்சியின் பெயரையே பெரிய எழுத்தில் போட்டு அவர்களே ஒரு படம் உருவாக்கிக்கொள்ளட்டும். பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் போட்டு மின்னஞ்சல் கணக்குகளுக்குப் படம் தருகிறார்களே, அதே வேலைதான். அப்புறம், வெட்டும் பெட்டியில் எண்களைத் தட்டச்சு செய்ய இடம் கொடுக்கட்டும். பிழைச்செய்தியில் "படம் 1200 பிக்சல்தான் இருக்கிறது, 1400 வேண்டும்" என்று முழுதாகச் சொல்லட்டும். விளக்கம் எழுத ஒரு கட்டம் வைக்கட்டும். இவற்றில் எதுவும் பார்வையுள்ளவர்களுக்கு இடைஞ்சல் இல்லை.

எழுதும்போது கோபத்தைவிட விவரம் உதவும். எந்தப் பக்கம், எந்த பட்டன், எந்த ஸ்கிரீன் ரீடர், அது என்ன சொன்னது என்று வரிசையாக எழுதுங்கள். முடிந்தால் ஸ்கிரீன் ரீடர் பேசுவதையே பதிவு செய்து அனுப்புங்கள். நம்மிடம்தான் மைக் இருக்கிறதே.

நான் பார்வையுள்ள வடிவமைப்பாளர். பார்வையற்ற ஒருவருக்கு அட்டைப்படம் செய்யப்போகிறேன். எப்படிச் செய்தால் அவருக்கு நல்லது?

முதலில் அவரைப் பேச விடுங்கள். நிகழ்ச்சி எதைப் பற்றி, எந்த மனநிலை, எது வரவே கூடாது என்று கேளுங்கள். இரண்டு மூன்று யோசனைகளை வரைவதற்கு முன் வார்த்தையில் எழுதி அனுப்புங்கள். அவர் தேர்ந்தெடுத்ததை வரையுங்கள். பெயரை வாய்வழி வாங்காமல் அவரே தட்டச்சு செய்து அனுப்பியதிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். நடுவில் நீங்களாக ஏதாவது மாற்றினால், சின்னதாக இருந்தாலும், சொல்லுங்கள். பிடிக்காத ஒன்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். எங்களுக்கு அது நோகாது.

முடித்ததும் படத்தோடு நான்கைந்து வரி விளக்கம், பயன்படுத்திய நிறங்களின் எண், எழுத்துருவின் பெயர், திருத்தக்கூடிய மூலக்கோப்பு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். நாளை நீங்கள் வேறு ஊருக்குப் போனாலும் அவர் இன்னொருவரிடம் கொடுத்து வேலையைத் தொடரலாம். கோப்பின் பெயரிலேயே அளவையும் தேதியையும் எழுதுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று இரண்டு கோப்புகள் வந்தால், திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க எங்களால் முடியாது.